பேசக் கூடாத கட்டடம்

தலையில தோட்டம், வயித்துல ஜன்னல், கீழ ரெண்டு காலு. அது என்ன, சொல்லுங்கண்ணே பாப்போம். பஸ்ஸு வுங் டாவ் போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு, மெதுவா யோசிங்க.

பல்லக்கா? பல்லக்குல எங்கண்ணே தோட்டம்? சரி, நானே சொல்லிடறேன். அது நான்தான்.

நெசமாத்தான். போன வருசம் சைகோன்ல பருவநிலை மாநாடு ஒண்ணு நடந்துச்சு. எங்க கம்பெனி பசுமை அடுக்குமாடி கட்டி விக்கிற கம்பெனி. வாசல்ல ஒரு கட்டடமே நின்னு வர்றவங்களுக்குக் குனிஞ்சு வணக்கம் வச்சா நல்லாருக்கும்னு மேனேஜருக்கு ஒரு யோசனை. ஆபீஸ்லயே நெட்டை நான். மூங்கில்லயும் அட்டையிலயும் ஒரு ஏழு மாடியைச் செஞ்சு என் மேல கவுத்துட்டாங்க. உச்சியில நெசச் செடி. மணிக்கொருதரம் ஒரு பொண்ணு பூவாளியோட வந்து தண்ணி ஊத்தும். செடிக்குத்தான் ஊத்துது, சரி. கீழ இருக்கறது நான்ல?

ஏ.சி. குளிர்ல செடி வாடிப்போச்சு. உடனே எம் பக்கத்துல ஒரு ஹீட்டரைக் கொண்டாந்து வச்சாங்க. அந்தப் பக்கம் மேடையில ஒருத்தரு, கோட்டு மேல கோட்டு மாட்டிக்கிட்டு, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கறது எப்படின்னு பேசறாரு. வெள்ளத்தைப் பத்திப் பேச வேண்டியவரைக் காணோம். ஆத்தோரமா இருக்கற தாவோ தியென்ல ஓதம் ஏறி, அவரு காரு தண்ணியில நின்னுபோச்சாம். கடைசியில பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கிட்டு, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு மேடையேறினாரு. அதுதான் பேச்சுன்னு நெனச்சு எல்லாரும் கை தட்டிட்டாங்க. அவரும் கும்பிட்டுட்டு எறங்கிட்டாரு.

ஆனா நெறைய தெரிஞ்சுக்கிட்டேண்ணே. நின்னுகிட்டே எல்லாத்தையும் கேட்டேனே. நகரங்களுக்குன்னு இலக்கு வச்சிருக்காங்க. வீட்டுப் பக்கத்துலயே பஸ் வரணும், பிள்ளைங்க வெளையாட நெழலா ஒரு எடம் வேணும். மொத இலக்கு என்ன தெரியுமா? எல்லாருக்கும் கட்டுப்படியாகற வெலையில நல்ல வீடு. அதைச் சொன்னப்ப கட்டடத்துக்குள்ள இருந்து நானும் கை தட்டினேன். வெளிய கேட்டிருக்காது.

ஏன் ஒத்துக்கிட்டேனா? வீட்டுக்காகத்தான். எனக்கும் எம் பொண்டாட்டி ஏவ்லினுக்கும் கோர்ட்ல விவாகரத்து கேஸ். பொண்ணு மாரி-ரோஸுக்கு ஒம்போது வயசு. என்கூட வச்சுக்கணும்னா அவளுக்குன்னு தனியா ஒரு ரூம் காட்டணும்னு வக்கீல் சொல்லிட்டாரு. நான் அப்ப பென்-தான் மார்க்கெட்டுக்குப் பின்னால ஒத்தை ரூம்ல கெடந்தேன். மாநாடு முடியிற வரைக்கும் ஒழுங்கா நில்லு மொரீஸு, கம்பெனி வீட்டைக் கொறஞ்ச வாடகைக்குத் தர்றேன்னாரு மேனேஜரு. ஒரே நிபந்தனை, கட்டடம் வாயைத் தெறக்கக் கூடாது. பேசற கட்டடத்தை எவன் வாங்குவான்னாரு. அதுவும் ஞாயந்தானே.

கடைசி நாள் பள்ளிக்கூடப் பிள்ளைங்களைக் கூட்டியாந்தாங்க. அதுல மாரி-ரோஸும் இருந்தா. அவ பள்ளிக்கூடம் வருதுன்னே எனக்குத் தெரியாது. மத்த பிள்ளைங்க ஜன்னலைத் தெறந்து தெறந்து மூடுதுங்க. இவ மட்டும் குனிஞ்சு, செருப்புல தெரிஞ்ச எங் காலைப் பாத்தா. எனக்குக் கால் கட்டை விரல் கொஞ்சம் வளைஞ்சிருக்கும், அவளுக்கும் அப்படியே. நிமிந்து, மூணாவது மாடி ஜன்னல்ல வாயை வச்சு, அப்பா, உள்ள இருக்கியாப்பான்னு கேட்டா. தமிழ்லதான் கேட்டா.

மேனேஜரு பக்கத்துலயே நிக்கிறாரு. நான் அசையல. மறுபடியும் கேட்டா. பூவாளிப் பொண்ணு வந்து தண்ணி ஊத்திட்டுப் போச்சு. டீச்சர் கூப்பிட்டாங்க, அவ போயிட்டா.

வீடா? குடுத்துட்டாரு, சொன்ன சொல் மாறல. ரெண்டு ரூம், நல்ல காத்தோட்டம். பஸ் ஸ்டாப் கீழயே.

வுங் டாவுக்கு எதுக்குப் போறேனா? ஏவ்லினுக்கு இப்ப அங்கதான் வேலை, எண்ணெய்க் கம்பெனியில. ஞாயித்துக்கிழமை பொண்ணை நான் போய்ப் பாக்கலாம். இந்த ஊர்ல ஏழு வயசு ஆன பிள்ளைன்னா, யார்கூட இருக்க ஆசைன்னு அதையே கேக்கணும்ணே. ஜட்ஜம்மா கேட்டாங்க. அம்மாகூடன்னு சொல்லிட்டா.