புரோலாக்டின் அளவு

எங்கள் வீட்டில் காலைக் காப்பி போடுவது நான்தான். ஓய்வு பெற்ற பின் வந்த பழக்கம். மற்றவர்கள் போட்டால் எனக்குத் திருப்தி வராது.

அதற்குமுன் முப்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் பெண் எலிகளோடு இருந்தேன். சினைப்பையை அகற்றினால் எலியின் ரத்தத்தில் புரோலாக்டின் குறையும். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அது; அளவு மீறினால் கரு உண்டாகாது. சினைப்பையில் ஊறும் ஈஸ்ட்ரோஜனை ஊசி மூலம் கொடுத்தால் சில நாட்களில் மறுபடி ஏறிவிடும். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப அளந்தேன்.

மகனுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். குழந்தை இல்லை. "ஊர்ல இருக்கற எலிக்கெல்லாம் நாள் கணக்கு பாத்தாரு. வீட்டுல ஒரு பேரப்பிள்ளைக்கு வழியக் காணோம்" என்று என் மனைவி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மகனும் மருமகளும் பரிசோதனை செய்துகொண்டார்கள். பரிசோதனைக்கூடம் என் பழைய மாணவனுடையது. முடிவுகளை என்னிடம்தான் கொடுத்தான். மருமகளுக்கு ஒரு குறையும் இல்லை. மகனிடம் உயிரணு ஒன்றுகூட இல்லை.

எங்கள் குடும்பத்து ஆண்பிள்ளையை அப்படி ஒரு சொல் யாரும் சொன்னதில்லை. நான் என்ன செய்வேன்? இரண்டு தாள்களையும் கிழித்தேன். மகனிடம், "உனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றேன். மருமகளிடம், "உனக்கு மட்டும் இன்னொரு தரம் பாக்கணும்மா" என்றேன்.

அன்றிலிருந்து அவள் காப்பியில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். மனித உடம்பு எலி உடம்பு அல்ல. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த பரிசோதனையில் புரோலாக்டின் ஏறியிருந்தது.

ஒரு நாள் அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். படித்தவன் நான் என்பதால் என்னிடம் கேட்டாள்.

"மாமா, ரவிக்கை நனையுது. பிள்ளையே பெறாதவளுக்குப் பால் வருமா?"

"சுரப்பிக் கோளாறும்மா. சிலருக்கு வரும்."

அப்போதே நிறுத்திவிடத் தோன்றியது. நிறுத்தினால் அளவு இறங்கிவிடும். இறங்கினால் மருத்துவர் அடுத்து என் மகனைத்தான் கூப்பிடுவார். என் கையில் எதுவும் இல்லை. பத்து மாதம் கொடுத்தேன்.

அவளை நாங்கள் யாரும் போகச் சொல்லவில்லை. அவளாகவே பெட்டியோடு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"குறை என்கிட்டதான் மாமா. அவருக்கு வேற பொண்ணு பாருங்க. இந்தக் குடும்பத்துக்கு ஒரு வாரிசைத் தர முடியல. என்னை மன்னிச்சிடுங்க."

மனதார மன்னித்தேன்.