நிமிஷ போட்டோவில் இல்லாத மீசை

“அவருக்கு மீசை வச்சு வரைஞ்சு குடுங்க.”

அரியலூர் ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள், பக்கத்தில் நின்ற, நாடக விளம்பரப் படம் வரைகிறவரிடம் இப்படிச் சொன்னார். போன மாதம் இறந்துபோன, திருச்சி வரை பேர்போன பெண்வேஷக்காரர்தான் அந்த அம்மாளின் புருஷன் என்று பேச்சில் தெரிந்தது. வரைகிறவர் கையில் அவருடைய சின்ன போட்டோ ஒன்று இருந்தது.

“படத்துக்கு உக்கார அவருக்கு ஏதும்மா நேரம்? பெட்டிக் கேமராவுல எடுத்து, அங்கயே அஞ்சு நிமிஷத்துல கழுவி, அதைப் பாத்துத்தான் இத்தனை வருஷமா வரைஞ்சேன். எதுலயும் மீசை இல்லிங்களே.”

“வேஷத்துக்காக தினம் மழிச்சிருவாரு. படுக்கையில விழுந்தப்புறந்தான் விட்டாரு. ஒருநாள் கண்ணாடி கேட்டாரு. ரொம்ப நேரம் பாத்துட்டு, ‘எங்கப்பா மாதிரி இருக்கேன்டி’ன்னாரு. அந்த முகம் வூட்டுல இருக்கணும்.”

“நான் பாக்கலியேம்மா.”

“என்னைத் தவிர யாருமே பாக்கலிங்க.”

வரைகிறவர் போட்டோவையும் பென்சிலையும் அந்த அம்மாளிடமே நீட்டினார்.

“நீங்களே வச்சுக் காட்டுங்க. அதைப் பாத்து வரையறேன்.”

வரிசை நகர்ந்தது. அந்த அம்மாள் நகரவில்லை. மெதுவாக இரண்டு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“கறுப்பா வரைஞ்சிராதீங்க. வெளுத்துப்போயிருந்துச்சு.”