பரவாயில்லை என்றே பழகியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பதிப்பகத் தலைவர் அவர்களே, மேலாளர் அவர்களே, அச்சுக்கூடத்துத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, மகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் தலைமை மெய்ப்புத் திருத்துநர், நாம் எல்லோரும் "பரவாயில்லை அக்கா" என்று அழைத்த அம்மையார், இன்று நம்மிடையே இல்லை. எனக்கு முன் பேசியவர்கள் அவரைப் பொறுமையின் சிகரம் என்றார்கள். கோபமே வராதவர் என்றார்கள். மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு நாள்கூட அவர் முகம் சுளித்ததில்லை என்றார். பக்கத்து மேசையிலிருந்து அந்த முகத்தை வருடக்கணக்காகப் பார்த்தவள் நான். இந்தப் புகழ்ச்சியைக் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

கோபம் வராதவரா அவர்? ஓர் ஒற்றுப்பிழையைக் கண்டால் தாள் கிழிகிற அளவுக்குச் சிவப்புப் பேனாவை அழுத்துவார். ஆனால் தாளிலிருந்து தலை நிமிர்ந்தால் பேனாவை மூடிவிடுவார். அவர் திருத்திய புத்தகத்தில் இன்னொருவருக்கு நன்றி சொன்னோம். பரவாயில்லை. ஜன்னலோர மேசையைப் புதிதாக வந்தவருக்குக் கொடுத்தோம். பரவாயில்லை. தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்று அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாகு மாதிரி வந்ததைக் குடித்துவிட்டு அதற்கும் பரவாயில்லை. வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? நாத்தனார் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினால், விடுப்பு எடுத்துச் சமைத்துப் போட்டுவிட்டு வந்து அதே சொல்லைத்தான் சொல்வார். அவர் கணவர் கோபித்துக்கொண்டாலும் சரி, இதைச் சொல்லத்தான் வேண்டும்.

சொல்லிச் சொல்லி அது நாக்கில் பழகி, நாக்கிலிருந்து மனசுக்குள் இறங்கிவிட்டது. தனக்கு என்ன வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோனது. மதியம் என்ன சாப்பிடலாம் என்று கேட்டால், உங்களுக்கு எது பிடிக்குமோ அது என்பார். அதைப் போய் நாம் குணம் என்றோம். குணமா அது? தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நாம் அவர்மேல் ஏற்றிவிட்ட பழக்கம்.

அவருக்கே அது ஒரு நாள் உறைத்தது. கழிவறையில் கைகழுவும் இடத்தில் நின்று, கண்ணாடியைப் பார்த்து மெதுவாக, "முடியாது... என்னால முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வெட்கம் வந்துவிட்டது.

"பழகிக்கிறேன்டி. இதுவும் பழக்கம்தானே, தினம் சொன்னா வந்துடும்" என்றார்.

அதன்பின் தினமும் அந்தக் கண்ணாடி முன்னால் நிற்பார். ஒரு நாள் தேநீரைத் திருப்பி அனுப்பினார், மாற்றிக் கொடுக்கச் சொல்லி. அன்று மாலைவரை அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. நாம் என்ன செய்தோம்? அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று ஆளுக்கு ஆள் கேட்டோம்.

உடம்பு உண்மையிலேயே சரியில்லை. நெஞ்சு வலி. இதயப் பரிசோதனைக்கு மருத்துவர் நாள் கொடுத்திருந்தார். அது பாடநூல்கள் அச்சுக்குப் போகிற வாரம். மேலாளர் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்து, இந்த வாரம் யாருக்கும் விடுப்பு கிடையாது என்றார். அக்கா எழுந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "முடியாது சார்" என்றார். அறை முழுவதற்கும் கேட்டது.

மேலாளர் சிரித்தார். "நீங்ககூட ஜோக் அடிப்பீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அறையே சேர்ந்து சிரித்தது. அக்கா உட்கார்ந்தார். பரவாயில்லை என்றார். பரிசோதனையைத் தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்ட நாள் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். புத்தகங்கள் குறித்த நாளில் வெளிவந்தன. மேலாளருக்குப் பாராட்டும் கிடைத்தது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே உறுதி எடுக்கச் சொன்னார்கள். எடுக்கிறேன். ஆனால் எந்தப் பணியை? பிழை திருத்தும் பணியில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. பாதியில் நின்றது கண்ணாடி முன்னால் செய்த பணி. அதைத்தான் தொடரப் போகிறேன். தோழர்களே, நீங்களும் தொடருங்கள். தேநீரிலிருந்து தொடங்குங்கள். மகளே, அம்மா மாதிரிப் பொறுமையாக இரு என்று இன்றைக்கு எத்தனையோ பேர் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்காதே, கண்ணு.

மேலாளர் அவர்களே, இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் என்னை நிறுத்தி, அக்காவின் மேசையில் மீந்திருந்த தாள்களை என் மேசைக்கு மாற்றியிருப்பதாகவும், இன்றைக்கே முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னீர்கள்.

முடியாது சார்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா சொன்னபோதும் நாம் இப்படிக் கொஞ்சம் அமைதியாக இருந்திருக்கலாம். வணக்கம்.