ஏழாம் நம்பருக்கு நாலு ஸ்டார்

— ஓடெல், நீயே பாரு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியுதான்னு சொல்லு.

— சரியாத்தான் தெரியுது ரஷாட். நாலு ஸ்டார்.

— நேத்து சாயங்காலம் வரைக்கும் என் பேருக்கு ரெண்டுதான்டா இருந்துச்சு. காலையில எந்திரிச்சு, ஸ்கூல் ஆட்டக்காரங்களுக்கு ஸ்டார் போடுற அந்த வெப்சைட்டப் பாக்குறேன், நாலு.

— கணுக்கால்ல கட்டோட ஒக்காந்திருக்கிறவனுக்கு நாலு ஸ்டாரா. சரி விடு, நல்லதுதானே.

— என்ன நல்லது? கீழ எழுதியிருக்கிறதப் படி. சத்தமாப் படி.

— 'ஏழாம் நம்பர், ரஷாட் பெட்டிஃபோர்ட். மழையில் நடந்த ஆட்டத்தின் பிற்பாதியில் மட்டும் மூன்று முறை எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன். இந்த ஆண்டு அலபாமாவில் நாங்கள் பார்த்த பள்ளி ஃபுட்பால் வீரர்களில் இவரைப் போல் பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவர் வேறு யாரும் இல்லை.'

— அந்தப் பிற்பாதியில நான் எங்கடா இருந்தேன்?

— பெஞ்சுல. கால ஐஸ் வாளிக்குள்ள விட்டுக்கிட்டு.

— என் ஜெர்சி எங்க இருந்துச்சு?

— என் மேல.

— உனக்கு மூக்கு ஒடஞ்சு ஜெர்சியெல்லாம் ரத்தம். ரத்தத்தோட ஆடக்கூடாதுன்னு ரெஃபரி வெளிய அனுப்பிட்டாரு. நான்தானே கழட்டிக் குடுத்தேன்? ஹெல்மெட்ட மாட்டிட்டா மூஞ்சி எவனுக்குத் தெரியும்? நம்பரப் பாத்தானுங்க, டீம் லிஸ்ட்டுல பேரத் தேடுனானுங்க, முடிஞ்சுது.

— நம்ம கோச்சுகிட்டச் சொல்லி அதத் திருத்தச் சொன்னியா?

— அதுக்குள்ள அந்தப் பெரிய காலேஜ்லருந்து போன் வந்துருச்சுடா. நாலு வருஷம் படிப்பு, சாப்பாடு, தங்குறது எல்லாம் அவங்க செலவு. அந்தக் காலேஜ் கோச்சே வியாழக்கிழமை வீட்டுக்கு வர்றாராம். அன்னிக்கு மழைக்கு ஆட்டம் பாக்க வராத எங்கம்மா, இப்பவே விருந்துக்குக் கெளுத்தி மீன் சொல்லி வச்சுட்டாங்க. இன்னிக்குக் காலையில சர்ச்சுல பாஸ்டர் என் பேரச் சொன்னதும் எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டுறாங்க.

— நானும்தான் தட்டினேன்.

— நீ தட்டினதப் பாத்தேன். அதுக்குத்தான் சாப்பாட்டக்கூட விட்டுட்டு உன்னத் தேடி வந்திருக்கேன்.

— காலேஜ்காரரு என்ன கேட்டாரு?

— அந்த மூணாவது ஓட்டத்தப் பத்தி. அத்தன பேரு மறிச்சு நிக்கும்போது எடது பக்கம் திரும்பணும்னு எப்படித் தோணுச்சுன்னு கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— அது வந்து...

— சொல்லு ரஷாட்.

— சந்து தெரிஞ்சுது, புகுந்துட்டேன்னு சொன்னேன். வாயி தானா சொல்லிருச்சுடா.

— சந்தெல்லாம் ஒண்ணும் தெரியல. கண்ணு பூரா மழத்தண்ணி. வலது பக்கம் சேறா இருந்துச்சு, வழுக்கும்னு திரும்பினேன். அவ்வளவுதான்.

— என்னத் திட்டிரு ஓடெல்.

— திட்டி என்ன ஆகப்போகுது. வியாழக்கிழமை அவரு வந்தா என்ன செய்வ?

— தெரியலடா. அம்மா மூஞ்சப் பாத்தா ஒண்ணும் சொல்ல முடியல. ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. அந்த வெப்சைட்டுக்காரன் எவனும் நம்ம ஊருப் பக்கம் வந்ததே இல்ல. வீடியோ எப்படிப் போச்சு? எவனோ கிறுக்கன், யாரு ஓடுறான்னு ஒரு வரி எழுதாம அனுப்பி வச்சிருக்கான்.

— நான்தான் அனுப்பினேன்.

— நீயா?

— அந்த வெப்சைட்டுல என் பேரே கெடயாது. ரெண்டு ஸ்டார் கூட வேண்டாம், பேராவது வரட்டும்னு எங்கக்கா எடுத்த வீடியோவ அனுப்பினேன்.

— பேரு எழுத வேண்டாமாடா? 'ஏழாம் நம்பர் ஜெர்சியில ஓடுறது நான்தான்'னு எழுத வேண்டாமா?

— எழுதினேன். 'உங்கள் நண்பரின் ஆட்டத்தை அனுப்பியதற்கு நன்றி'ன்னு பதில் வந்துச்சு.