ஷ்னைடர் வீட்டுப் பிள்ளை

ஜெயமலர்: ...இல்லை அண்ணை, எங்கடை பாக்டரியில ஒரு மனிசியோடை கதைக்கேக்கை வந்தது. அதான் கேக்கிறன். ஜேர்மன் பாசையில சினைடர் எண்டால் என்ன கருத்து?

குலசிங்கம்: சினைடர் இல்லை, ஷ்னைடர். தையற்காரன். துணி வெட்டித் தைக்கிறவன்.

ஜெயமலர்: தையற்காரனோ!

குலசிங்கம்: ஓம். முந்தி அங்கை ஊருக்கு ஒரு தையற்காரன் இருந்திருப்பான். பின்பேர் ஒண்டு வேணும் எண்டு வந்த காலத்தில அவனவன் தொழிலையே பேராக்கிப் போட்டாங்கள். பிறகு பேரன், பூட்டன் வேறை வேலைக்குப் போனாலும் பேர் போகேல்லை. நான் ஜேர்மனியில இருக்கேக்கை ஸ்ருட்காட்டில என்ரை டொக்டரும் ஷ்னைடர்தான். அந்தாளுக்கு ஒரு பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது.

ஜெயமலர்: இந்த மனிசி ஸ்னைடர். ரொறன்ரோவுக்கு வடக்கை, ஸ்ரௌவ்வில் எண்ட ஊரில இருந்து வாறவ. அவவின்ரை ஆக்கள் இருநூறு வருசத்துக்கு முன்னம் பென்சில்வேனியாவில இருந்து வண்டில் கட்டிக்கொண்டு வந்தவையாம். உதுவும் பழைய ஷ்னைடர் தானாம். எழுத்துத்தான் மாறிப்போச்சாம்.

குலசிங்கம்: இருக்கும். இங்கிலீசுக்காரன்ரை வாயில அப்பிடி வந்திருக்கும்.

ஜெயமலர்: ஜேர்மனியில சொந்தக்காரர் இருக்கினமோ எண்டு கேட்டன். ஆரைத் தெரியும் எண்டு சிரிச்சா.

குலசிங்கம்: நீ ஏன் உதெல்லாம் கேக்கிறாய்?

ஜெயமலர்: சும்மா.

குலசிங்கம்: மலர்...

ஜெயமலர்: லைற் பச்சை. பின்னால ஹோர்ன் அடிக்கிறான், காரை எடுங்கோ.

குலசிங்கம்: எடுக்கிறன். நீ சொல்லு.

ஜெயமலர்: ரெலிபோன் புத்தகத்தைப் பாத்தன். ரொறன்ரோவிலேயே கனபேர் ஷ்னைடர். பதினொரு பேருக்கு அடிச்சன்.

குலசிங்கம்: அடிச்சு?

ஜெயமலர்: என்ரை இங்கிலீசில... உங்கடை ஜேர்மன் சொந்தத்தில ஆராவது எண்பத்தொண்டில சிலோனில இருந்து ஒரு பொம்பிளைப் பிள்ளையை எடுத்து வளத்தவையோ எண்டு. கனபேர் போனை வைச்சுப்போட்டினம். ஒரு கிழவர் மட்டும், பாவம், நெடுநேரம் கதைச்சார். தன்ரை பக்கத்தில அப்பிடி ஒருத்தரும் இல்லையாம்.

குலசிங்கம்: உனக்கென்ன விசரே? பதினஞ்சு வருசமாப் போச்சு!

ஜெயமலர்: இன்னும் ஆகேல்லை. வாற ஆவணியிலதான் அவளுக்குப் பதினஞ்சு.

குலசிங்கம்: ...கேள் பிள்ளை. ஜேர்மனியில எந்த ரவுன் புத்தகத்தை எடுத்தாலும் ஷ்னைடர் பக்கம் பக்கமா வரும். நீ இஞ்சை எங்கடை சனம் கூடுற வோபர்ன் பிளாசாவில நிண்டு 'சிவா' எண்டு கூப்பிட்டால் எத்தினை பேர் திரும்புவினம்? அப்பிடித்தான்.

ஜெயமலர்: அந்தப் பேரைத் தவிர என்னட்டை வேறை என்ன இருக்கு? பிள்ளையைக் குடுத்த அண்டைக்கு, லோயர் கையெழுத்து வாங்கேக்கை, அதை மட்டும் எழுத்துக்கூட்டி மனசில வைச்சனான். விலாசத்தை வாசிக்கமுதல் நீங்கள் காகிதத்தை மடிச்சுப்போட்டியள். பிறகு அது எண்பத்துமூண்டுக் கலவரத்தில வெள்ளவத்தை றூமோடை எரிஞ்சது எண்டனீங்கள்.

குலசிங்கம்: ஓம்.

ஜெயமலர்: உண்மையா எரிஞ்சதே?

குலசிங்கம்: ஓம் எண்டு சொல்லுறன் தானே.

ஜெயமலர்: கட்டுநாயக்கா உடுப்புப் பாக்டரியில மெசினுக்கு முன்னால இருந்து தைச்சுக்கொண்டே வயித்தில சுமந்தனான் அண்ணை. மேசை இடிக்குமெண்டு கதிரையைப் பின்னுக்கு இழுத்து இழுத்து... இப்ப அவளுக்குத் தையற்காரன் எண்டு பேர்.

குலசிங்கம்: அழாதை. உனக்காகத்தான் செய்தது. உன்னை விட்டிட்டு ஓடினவன் ஓடிட்டான். உனக்குப் பத்தொன்பது வயசு. ஊரில கதை வந்திருந்தால் பிறகு ஆர் உன்னைக் கட்டுறது?

ஜெயமலர்: கட்டினவருக்குத் தெரியும்.

குலசிங்கம்: என்ன?

ஜெயமலர்: இவருக்குத் தெரியும். கலியாணப் பேச்சுக்கால் நடக்கேக்கையே எல்லாத்தையும் கடிதத்தில எழுதிப்போட்டன். வேண்டாமெண்டால் இப்பவே விடுங்கோ எண்டும் எழுதினன்.

குலசிங்கம்: தங்கத்துரைக்கோ...! அப்பவேயோ?

ஜெயமலர்: அப்பவே. அந்தப் பதினொரு நம்பரையும் எனக்கு அடிச்சுத் தந்ததே அவர்தான்.

குலசிங்கம்: ...எனக்கேன் ஒரு வார்த்தை சொல்லேல்லை?

ஜெயமலர்: நீங்கள் எங்கை அந்தக் கதையை எடுக்க விட்டனீங்கள்? வாயைத் திறந்தால் எழும்பிப் போயிடுவியள். ஏன் காரை ஓரம் கட்டுறியள்? வீடு இன்னும் வரேல்லையே.

குலசிங்கம்: எரியேல்லை மலர்.

ஜெயமலர்: எது?

குலசிங்கம்: அந்தக் காகிதம். என்னட்டைத்தான் கிடக்கு. ஜேர்மனிக்கும் கொண்டுதான் போனனான். எண்பத்தாறில ஒருநாள் ரெயின் எடுத்து அந்த விலாசத்துக்குப் போனன். ஊல்ம் எண்டு ஒரு ரவுன்.

ஜெயமலர்: அண்ணை...

குலசிங்கம்: பெல் அடிக்க அவள்தான் கதவைத் திறந்தாள். ஒரு காலில சப்பாத்து, மற்றக் காலில இல்லை. உன்ரை நெத்தி. உன்னைப்போலத்தான் தலையைச் சரிச்சுப் பாத்தாள்.

ஜெயமலர்: பேர்... என்ன பேர் வைச்சிருக்கினம்?

குலசிங்கம்: அன்னா. நடுவில உன்ரை பேரையும் சேர்த்திருக்கினம். அன்னா ஜெயமலர் ஷ்னைடர்.

ஜெயமலர்: ...நல்ல ஆக்களே?

குலசிங்கம்: நல்ல ஆக்கள். கோப்பி தந்து மேசையில இருத்தினவை. அந்த மனிசி உன்னைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தா.

ஜெயமலர்: அப்ப எத்தினை ஷ்னைடர் இருந்தால் எங்களுக்கென்ன! விலாசம் இருக்கெல்லே. தாங்கோ அண்ணை, நான் இண்டைக்கே எழுதுறன். நான் சொல்லச் சொல்ல நீங்கள் ஜேர்மனில எழுதுங்கோ. ஒரு படமும் வைச்சு...

குலசிங்கம்: எழுதேலாது பிள்ளை.

ஜெயமலர்: ஏன்? வீடு மாறிட்டினமே?

குலசிங்கம்: தெரியாது. அதில்லை...

ஜெயமலர்: பிறகென்ன? சொல்லுங்கோவன்!

குலசிங்கம்: தாய்க்கு வருசா வருசம் பிள்ளையின்ரை படம் அனுப்பட்டோ எண்டு அவை கேட்டவை. உனக்கு அப்பதான் தங்கத்துரையைப் பேசிக்கொண்டிருந்தம். வெளிநாட்டுக் கடிதம் வந்தால் எல்லாம் குழம்பிப்போயிடும் எண்டு பயந்து... நீ செத்துப்போனாய் எண்டு சொல்லிப்போட்டன், மலர். அவள் தகப்பன்ரை மடியில இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள்.