மிஸ் வருமுன் அலங்கரிக்கப்பட்ட மணப்பெண்

பெயர் நமசிவாயம் சுபோதினி. வயது 23. வெள்ளவத்தையில் பெற்றோருடன் வசிக்கிறேன். தகப்பன் புடைவைக் கடையில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்றவள் நான் மட்டுமே. கல்லூரியில் அழகுக்கலை படித்து முடித்து, எவ்லின் மிஸ்ஸின் சலூனில் பயிற்சியில் இருக்கிறேன்.

கடந்த சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் சாமினி என்பவருக்கு மணப்பெண் அலங்காரம். பத்து மணிக்குக் கொச்சிக்கடைக் கத்தோலிக்கக் கோயிலில் திருமணம். மிஸ் அதே காலையில் வத்தளையிலும் ஒரு மணப்பெண்ணை ஒப்புக்கொண்டிருந்தபடியால், பெட்டியுடன் என்னை முன்னே அனுப்பினார். முகம் கழுவி கிரீம் மட்டும் பூசி வைக்கும்படியும், மற்றதைத் தான் வந்து செய்வதாகவும் சொன்னார். அப்படியே செய்தேன். அதன்பின் ஒன்பது மணியாகியும் மிஸ் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது பாலத்தில் வாகன நெரிசல் என்றார். அதைக் கேட்டுச் சாமினி அழத் தொடங்கினார்.

அவருடைய தாயார் மாக்ரெட், "அழுது அழுது முகம் வீங்குது, நீ என்ன புள்ள சிலை மாதிரி நிக்கிற? ஒனக்கு இது தெரியுமா, தெரியாதா?" என்றார். நாளைக்கே வேலைக்குப் போக யார் தயார் என்று விரிவுரையாளர் கேட்டபோது வகுப்பில் கை உயர்த்தாதவள் நான். ஆனால் சாமினி வீட்டில் அன்று, "தெரியும், அன்ட்டி" என்றேன்.

மிஸ்ஸைக் கேட்காமல் பெட்டியைத் திறந்தது உண்மை. முகத்தின் வீக்கம் குறையட்டும் என்று முதலில் கொண்டையைப் போட்டேன். அதன்பின் முகத்தைச் செய்தேன். கல்லூரியில் நாங்கள் பழகிய டம்மித் தலைகள் அழுவதில்லை. ஆகவே ஐலைனரைக் கடைசிக்கு விட்டு, மாப்பிள்ளை எப்படி என்று கேட்டேன். "கொறட்டை விடுவாராம், அவர்ட தங்கச்சியே சொன்னா" என்று சாமினி சிரித்தார். அந்த இடைவெளியில் ஐலைனரைப் போட்டு முடித்தேன். அதன்பின் அவருக்கு வெள்ளைச் சாரியை உடுத்திவிட்டு, முக்காட்டு வலையைக் குத்தினேன்.

மிஸ் வந்தபோது சாமினி வாசலில் படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். மிஸ் ஒரு பின்னை எடுத்து, குத்த இடம் தேடி, திரும்பவும் தன் கைப்பையிலேயே போட்டார். "யாரு செஞ்சது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அதன்பின் கோயில் வாசலில் சில பெண்கள் என் தொலைபேசி இலக்கத்தை வாங்கினார்கள். மிஸ் அதையும் பார்த்தார்.

அனுமதியின்றிப் பெட்டியைத் திறந்ததாகவும், தெரியாத வேலையைத் தெரியுமென்று சொல்லி அந்த வீட்டாரை ஏமாற்றியதாகவும் மிஸ் பொலிஸில் முறைப்பாடு செய்துள்ளார். பெட்டிக்காக மன்னிப்புக் கேட்கிறேன். தனியே மணப்பெண் அலங்காரம் செய்ய எனக்குத் தெரியாது என்று இங்கு சொன்னால், முறைப்பாட்டைத் திரும்பப் பெற்று, என் பயிற்சிச் சான்றிதழிலும் கையெழுத்திடுவதாக இன்று காலை என்னிடம் சொன்னார். ஆனால் இந்த வாக்குமூலத்தில் உண்மையை மட்டுமே சொல்லலாம் என்று சார்ஜன்ட் ஐயா கூறினார். ஆகவே அதைச் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியும்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. கடைசி வசனத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

(ஒப்பம்) ந. சுபோதினி