மூன்றாவது உழக்கு

ராத்திரி பதினொன்றரை. உடுமலையிலிருந்து கொமரலிங்கம் போகிற ரோடு. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுவில் ஒரே ஒரு மொபெட். அதன் மேல் சந்தனம். எதிரே ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வெளிச்சம் இல்லை...

நம் ஃபிட்டர் மருதாசலத்தின் சொந்தத் தாய்மாமன்தான் இந்தச் சந்தனம். மருதாசலம் இதோ உட்கார்ந்திருக்கிறான். கூட்டிச் சொன்னால் அவனே சொல்லட்டும். கரண்ட் வரும்வரை மெஷின் ஓடப் போவதில்லை. அக்பர், மெழுகுவர்த்தியை இந்தப் பக்கம் நகர்த்து.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். டெலிபோன் லைனுக்கு டிஜிட்டல் கருவி வந்த புதிது. திருப்பூர் முனையில் ஆத்தப்பன், கொமரலிங்கம் முனையில் சந்தனம். ஒன்றாகப் படித்து ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். நடுவில் போட்ட புது லைனைச் சோதிக்க வேண்டும். சோதனை சுலபம். கொமரலிங்கத்தில், சிக்னல் வருகிற துளையையும் போகிற துளையையும் ஒரு சின்னக் கேபிளால் இணைத்துவிட்டால் போதும். அதற்கு லூப் என்று பேர். திருப்பூரிலிருந்து போனது அப்படியே திருப்பூருக்கே திரும்பி வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னால் சொன்னவர் குரலே காதில் விழும். விழுந்தால் லைன் சரி.

ராத்திரி வேலையை ஆத்தப்பனே கேட்டு வாங்கினார். வீட்டுக்குப் போய் என்ன செய்வது? மனைவி மயிலாத்தாள் மூளைக்காய்ச்சலில் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அழவும் இல்லை, அதிகம் பேசவும் இல்லை. மெஸ்ஸில் சாப்பிட்டார்.

மயிலாத்தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு உழக்கு என்று அரிசி அளப்பாள். ஒன்று என்று மட்டும் சொல்ல மாட்டாள். களத்தில் நெல் அளக்கிறவர்களைப் போல "லாபம்" என்றுதான் தொடங்குவாள். "லாபம்... ரெண்டு..." அனுப்பர்பாளையத்து வீட்டுக்குச் சந்தனம் வந்திருந்தால் அந்த இடத்தில் நிறுத்துவாள். சமையல்கட்டிலிருந்து குரல் வரும்.

"அண்ணன் சாப்பிடறாருங்களா?"

"வேண்டாமுங்க அம்மிணி" என்று சந்தனம் சொல்லி முடிப்பதற்குள் சர்ர்ரென்று மூன்றாவது உழக்கு பாத்திரத்தில் விழுந்துவிடும். "உன்ற பேச்ச அவ எப்பக் கேட்டா மச்சான்?" என்று ஆத்தப்பன் சிரிப்பார்.

முதல் ராத்திரி. கொமரலிங்கத்து அறையில் பேட்டரி அமில வாடை, ஃபேன் உறுமல். சந்தனம் லூப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பழைய செப்புக் கம்பி லைனில் இருந்த போன் அடித்தது.

"மச்சான், நீ அங்க ஏதாச்சும் பேசறயா?"

"நான் எதுக்குப் பேசறேன்? கொசு அடிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொன்னேன். திரும்பி வந்தது என்ற குரல் இல்ல. லாபம்னு வந்துச்சு. மயிலா குரலு. ஒரு உழக்கு அளந்தா... அத்தோட நின்னுபோச்சு."

நாலு மாதத்தில் ஆத்தப்பன் இவ்வளவு பேசியதே அன்றைக்குத்தான்.

"லூப்பக் கழட்டாத மச்சான். நாளைக்கு ஒரு ராத்திரி... எனக்காக."

சோதனை முடிந்தால் லூப்பைக் கழற்ற வேண்டும். சந்தனம் கழற்றவில்லை. அப்படியே பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"அங்கதானுங்க மாமா தப்புப் பண்ணிட்டாரு" என்கிறான் மருதாசலம். பாசத்தில் செய்தது.

மறுநாள் பூராவும் மனசு கேட்கவில்லை. இன்றைக்குக் கழற்றிவிட வேண்டும் என்றுதான் அந்தத் தென்னந்தோப்பு ரோட்டில் வந்துகொண்டிருந்தார். கதவைத் திறக்கும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது.

"மச்சான், ரெண்டுன்னுட்டா!" ஆத்தப்பன் சிரித்தார். "என்னையும் சேத்து அளந்துட்டா!"

முதல் உழக்கு அவளுக்கு. இரண்டாவது...

"மாப்ள, ஹெட்போனக் கழட்டி வெச்சுட்டு வெளிய போ. டீக்கடைல நில்லு. நான் லூப்ப எடுக்கறேன்."

"வேண்டாம் மச்சான், இப்பத்தான் உல வெச்சிருக்கா..."

பிடுங்கினார். கேபிள் கையில் இருந்தது. லூப் போனால் கருவியில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. பச்சை, பச்சையாகவே இருந்தது.

"எடுத்துட்டேன்டா!"

"இல்லியே... இன்னும் வருதே. கொதிக்கற சத்தம் கேக்குது. சோத்து வாசங்கூட..."

அப்புறம் பேச்சு இல்லை. போனைக் கீழே வைத்த சத்தமும் இல்லை.

காலையில் திருப்பூரில் கதவைத் திறந்தவர்கள், நாற்காலியில் சாய்ந்தபடி இருந்த ஆத்தப்பனைப் பார்த்தார்கள். காதில் ஹெட்போன். முப்பது வயசு. மாரடைப்பு என்றார்கள். உடம்பெல்லாம் காய்ந்து கிடந்தது. வலது கை மட்டும் ஈரம்... சாப்பிட்டுக் கழுவின கை மாதிரி.

"ரூம்ல ஏ.சி. தண்ணி சொட்டியிருக்குமுங்க" என்கிறான் அக்பர். இருக்கலாம்.

லைனைக் கொடுத்தாக வேண்டும். பனியன் கம்பெனிக்காரர்கள் காத்திருந்தார்கள். திருப்பூருக்கு வேறு ஆள் வந்தார். இந்த முறை லூப் அங்கே, பேச வேண்டியது சந்தனம். சோதனையைப் பட்டப்பகலாகப் பார்த்து வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே வயலில் பெண்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணிச் சொல்லவே இல்லை. "ஹலோ" என்றார்.

"ஹலோ" என்று வந்தது. அவர் குரலேதான்.

லைன் சரி. ஹெட்போனைக் கழற்றக் கையைத் தூக்கினார்.

"லாபம்."

எங்கோ தூரத்தில்.

"ரெண்டு."

நின்றது. உழக்கு அரிசிக்குள் புதைகிற சத்தம்.

"அண்ணன் சாப்பிடறாருங்களா?"

அவள் குரலுக்குப் பின்னால் ஒரு ஆண் சிரிப்பு. தெரிந்த சிரிப்பு.

"வேண்டாமுங்க அம்மிணி!" என்று கத்தி, வயரோடு பிடுங்கி எறிந்தார். ஹெட்போன் தரையில் கிடந்தது. காதில் மட்டும்... சர்ர்ர்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். அக்கா, மருதாசலத்தின் அம்மா, தட்டைப் போட்டாள்.

"வேண்டாங்க்கா. வயிறு நெறஞ்சிருக்குது" என்றார்.

காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. பேசும்போதெல்லாம் வலது கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரம் போகவில்லை. மறுபடியும் துடைத்தார்.